மாதம்மாள் டீச்சர் தந்த இரண்டு பதில்கள்

"அத்தை போயிட்டாங்க ஆயா" என்று போனில் அழுதாள் மாதம்மாள் டீச்சரின் தம்பி மகள். துக்கச் செய்திக்கு முதலில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்தது மறந்துபோனது. "டாக்டர் பார்த்துச் சொன்னாரா?" என்றேன். டீச்சர் இறந்த செய்தி எனக்கு வருவது இது இரண்டாவது முறை.

நல்லம்பள்ளிப் பள்ளியில் எங்கள் இருவருடனும் ஆசிரியராகப் பணியாற்றியவர்களுக்கு முதல் முறை நினைவிருக்கும். கல்யாணப் பந்தியில் சாய்ந்தவரைத் தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். நின்றுபோன இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதும் நெஞ்சை அழுத்துவதுமாக ஒரு மணி நேரம் போனது. வெளியே நின்ற உறவினர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் இறந்துவிட்டார் என்றே ஊருக்குச் சொல்லிவிட்டார். நம் பக்கத்து வழக்கம் தெரியுமே, உடல் வருமுன் பந்தலும் ஃப்ளெக்ஸ் பேனரும் வந்துவிடும். மருத்துவர்கள் விடவில்லை. துடிப்பு திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் அந்தப் பேனரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஏன்டா, ரேஷன் கார்டு போட்டோதான் கெடச்சுதா?" என்று தம்பியைத் திட்டினார். பிறகு அதை மாடியில் விரித்துப் புளி காயவைத்தார். "என் மூஞ்சி மேல காஞ்ச புளிங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று எனக்கும் கொடுத்தனுப்பினார்.

என் கணவருக்கும் அப்படித்தான் மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். அவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வலித்திருக்குமா என்று நான் கேட்கக்கூடிய ஒரே ஆள் மாதம்மாள் டீச்சர்தான். ஒருநாள் கேட்டேன். "ஒண்ணுமே தெரியலைங்க டீச்சர். எலையில பாயசம் ஊத்துனது தெரியும். அப்புறம் ஆஸ்பத்திரி ஃபேன்தான்" என்றார். பல நாள் நிம்மதியாக உறங்கினேன்.

சென்ற மாதம், நான் கேட்காமலே, "யாரோ விடாதீங்க விடாதீங்கன்னு கத்துனாங்க. நெஞ்சுல மாடு மிதிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப வலிச்சுதா?"

என் முகத்தைப் பார்த்தார். "அது கண்ணு முழிச்ச பின்னாடிங்க. எலும்பு முறிஞ்ச வலி. திரும்பி வந்தவங்களுக்குத்தான் அதெல்லாம். சாருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காதுங்க."

ஒரே கேள்விக்கு இரண்டு விடை எழுதியவருக்கு நான் மதிப்பெண் தந்ததில்லை. இன்னொரு முறை தெளிவாகக் கேட்டுவிட நினைத்திருந்தேன்.

இம்முறை தூக்கத்தில், வலியில்லாமல் போனார் என்கிறார்கள். அது மட்டும் யாருக்குத் தெரியும்?

முதல் பதிலை வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் என்னிடம் தங்கியிருப்பது, "கண்ணு முழிச்ச பின்னாடிங்க" என்று இரண்டாவதைச் சொல்லுமுன் அவர் என் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வை.