கணவாயில் போன காய்கள்

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஆறு நாளும் அடுத்தவர் எலும்பைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மதியம் போர் விளையாட்டுச் சங்கத்துக்குப் போவாள். சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு நீள மேசை, அதில் மலையும் ஆறும் வரைந்த பெரிய வரைபடம், விரல் நகம் அளவுப் படைகள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனை அங்கேதான் சந்தித்தாள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகும் இருவருமே வருவதை நிறுத்தவில்லை. யாராவது ஒருவர் நின்றுவிடுவார் என்று காத்திருந்த சங்கத்தார்தான் சங்கடத்தில் நெளிந்தார்கள்.

சங்கத்தில் ஓயாத தகராறு ஒன்று இருந்தது. இரண்டு படைகள் கூட்டணி சேர்ந்தாலும், ஊரைப் பிடித்தவருக்கு மட்டுமே மதிப்பெண். அதனால் கூட்டாளியை முன்னால் தள்ளிச் சாகவிட்டு, களைத்த எதிரியிடமிருந்து ஊரைத் தட்டிக்கொண்டு போவார்கள். ஒருத்தன் உழ, இன்னொருத்தன் அறுக்கிற கதை. புது விதி எழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது. பிடித்த ஊர்களின் மதிப்பெண் கூட்டாளிகளுக்குச் சரிபாதி. கூட்டாளியைக் காக்கத் தடுத்து நின்று இழந்த காய்களுக்கு, இழந்தவருக்குத் தனி மதிப்பெண். வீம்புக்குச் சாகவிட்ட காய்க்கு எதுவும் கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

புது விதியின் முதல் ஆட்டத்துக்கு அவள் தம்பிதான் சீட்டுக் குலுக்கினான். பிரித்துப் பார்த்தவன் சீட்டை மறுபடி மடித்தான்.

"என்னடா?"

"அக்கா... நீயும் மாமாவும் ஒரே அணி. வேற சீட்டு எடுக்கவா?"

"வேணாம். விழுந்தது விழுந்ததுதான்."

மேசையின் ஒரே பக்கம் இருவரும் உட்கார்ந்தார்கள். 'ஏங்க' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "இடது பக்கம் திறந்து கிடக்கு" என்று பொதுவாகச் சொன்னாள். அவன் தன் படையை இடது பக்கக் கணவாய்க்கு நகர்த்தினான். எதிரணிப் பல் டாக்டர் முழுப் பலத்தையும் அங்கே இறக்கினார். அவன் காய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குப் போயின. அதற்குள் அவள் தலைநகரைப் பிடித்துவிட்டாள்.

கணக்குப் போட்டால் அவன் முதலிடம், அவள் இரண்டாமிடம்.

பல் டாக்டர் குதித்தார். "அவர் ஒரு ஊரைக்கூடப் பிடிக்கலையே! அவருக்கு எப்படிக் கோப்பை?"

"தலைநகர் பாதிப் பாதி. கணவாயில போன காய் அவர் கணக்கு. நான் எதையும் இழக்கலை," என்றாள். ரிப்போர்ட் வாசிக்கிற குரல். கோபமோ பெருமையோ வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

படியிறங்கும்போது அவன் கோப்பையை நீட்டினான். "நீ எழுதுன விதிதானே? நீயே வச்சுக்க."

"விதி எல்லாருக்கும்தான்."

கோப்பையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். "சாப்ட்டியா?"

"ம்."

சாப்பிட்டிருக்கவில்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பஸ்ஸில் ஒரு பெண்மணி, "பக்கத்துல ஆள் வருதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல, உக்காருங்க," என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்த ஞாயிறும் இருவரும் வந்தார்கள். சீட்டு அவர்களை எதிரெதிர் அணியில் போட்டது. தம்பி நிம்மதியாக மூச்சு விட்டான்.