ஒற்றைக்கொம்பும் துணைக்காலும்

இளமதிக்கு யாஸ்மினைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். பிடிக்கும். பிடித்ததனால்தான் அத்தனை எரிச்சல்.

விருத்தாசலத்தில் பிளஸ் டூ வரை இருவரும் ஒரே பெஞ்சு. இளமதி விழுந்து விழுந்து படித்து முதல் ரேங்க் வாங்குவாள். யாஸ்மின் பரீட்சைக்கு முந்தின நாள் வரை சிரித்துக்கொண்டு திரிந்துவிட்டு இரண்டாவதாக வருவாள். ஆனால், முதலாவதாக வந்தவளுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது. கஷ்டப்படாமல் இரண்டாவது வருகிறவள், கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன ஆகும்? அந்தப் பயம் அவள் நெஞ்சில் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது.

பிறகு யாஸ்மின் சென்னைக்குப் படிக்கப் போனாள். இளமதி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, சாமிதுரையின் பீங்கான் ஃபியூஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் டிகிரியும் எம்.சி.ஏ.வும் முடித்தாள். பில் போடுவதிலிருந்து சம்பளம் வரை எல்லாவற்றுக்கும் அவளே ஜாவாவில் புரோகிராம் எழுதினாள். சூளைப் பக்கம் இருந்து வரும் தூசியைத் துடைத்துத் துடைத்து அந்தக் கம்ப்யூட்டர் அறையைத் தன் பூஜை அறை மாதிரி வைத்திருந்தாள். அந்த ராஜ்ஜியத்துக்கு அவள் ஒருத்திதான் ராணி.

இரண்டாயிரத்து ஆறில் சாமிதுரை பாண்டிச்சேரி பக்கம் இன்னொரு கம்பெனியை வாங்கினார். அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் யார் தெரியுமா? யாஸ்மின்! புருஷன் நாசர் துபாயில். கையில் புது செல்போன். மாறாத அதே சிரிப்பு.

முதலாளிக்கு ஒரு கவலை. பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கும் மேல்பூச்சுக் கலவையின் விவரம் அவர் குடும்ப ரகசியம். அதை ஈமெயிலில் பாண்டிச்சேரிக்கு அனுப்ப வேண்டும். வழியில் எவன் பார்த்தாலும் புரியக்கூடாது. இளமதி இங்கே ஜாவாவில் பூட்ட வேண்டும், யாஸ்மின் அங்கே தனக்குப் பழகிய மொழியான சி ஷார்ப்பில் திறக்க வேண்டும். சாவிக்கான ரகசிய வார்த்தையை முதலாளியே சொன்னார்.

"நம்ம சாமி பேரு, கொளஞ்சியப்பர்னு வைங்க. தமிழ்லயே வைங்க. இங்கிலீஷ்ல வச்சா எவனாவது கண்டுபுடிச்சுருவான்."

கூடவே இன்னொன்றும் சொன்னார். "இது ஒழுங்கா முடிஞ்சதும் ரெண்டு ஆபீசுக்கும் ஒருத்தர்தான் பொறுப்பு. யாரு புரோகிராம்ல கோளாறோ அவங்க இன்னொருத்தருக்குக் கீழ வேலை பாக்கணும்."

யாஸ்மினுக்குக் கீழேயா? இளமதி அன்றைக்கே உட்கார்ந்து புரோகிராமை எழுதினாள்.

அவள் பூட்டி அனுப்பினாள். அங்கே திறக்கவில்லை. போன் வந்தது.

"ஏய், என்னடி அனுப்புன? கடைசித் துண்டு சரியில்ல, கடைசித் துண்டு சரியில்லன்னு கம்ப்யூட்டரு ஒரே பல்லவி பாடுது."

"அப்ப சாவி தப்புடி. உன் பக்கம் பாரு."

"பாத்துட்டேன். கொளஞ்சியப்பர்தான? நம்ம ஊருல கல்ல வுட்டெறிஞ்சா ஒரு கொளஞ்சி மண்டைலதான் வுழும். இத போயி ரகசியம்னு வச்சிருக்காரு பாரு உங்க மொதலாளி!"

இளமதிக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவள் பேச்சுக்குச் சிரிப்பதா?

ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். பூட்டும் முறை ஒன்றுதான். எழுத்தை எண்ணாக்கும் முறையும் ஒன்றுதான். 'மணிமுத்தாறு' என்று வைத்துப் பார்த்தார்கள், சமர்த்தாகத் திறந்தது. மறுபடி கொளஞ்சியப்பர், மறுபடி அதே பல்லவி. திரையில் இரண்டு பக்கமும் ஒரே பெயர்தான் தெரிந்தது.

"சாமி கோவமா இருக்காரு போல," என்றாள் யாஸ்மின்.

முதலாளிக்குப் பொறுமை போனது. "இங்க இத்தனை வருஷமா ஒழுங்கா ஓடுது. அந்தப் பொண்ணுதான் புதுசு, அதுதான் கோட்டை விடுது போல," என்று இளமதியின் காதுபட மானேஜரிடம் சொன்னார். தேன் வந்து பாய்ந்தது! திங்கட்கிழமை முடிவு சொல்வதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா ராஜம்மாள், மகளின் முகத்தைப் பார்த்தாள். "வூட்டுக்குள்ளயே பொருமிக்கிட்டு இருந்தா ஆச்சா? மணவாளநல்லூர் போயி கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டு வா. அவரு பாத்துக்குவாரு."

ஊரில் வழக்குள்ளவர்கள் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சாமிக்குத்தான் எழுதிக் கட்டுவார்கள். மத்தியானம் ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போனதும் இளமதி பிராதை டைப் செய்ய உட்கார்ந்தாள். சண்டாளி, என்ன எழுதினாள் தெரியுமா? யாஸ்மினின் புரோகிராம் என்றைக்கும் ஓடக்கூடாது என்று!

'கொளஞ்சியப்பர் அவர்களுக்கு' என்று ஆரம்பிக்க வேண்டும். முதல் எழுத்தை அடித்ததும் கண் கலங்கி விரல் நழுவியது. அழிக்கும் கட்டையை ஒரு தட்டு தட்டினாள். 'கொ' முழுதாகப் போகவில்லை. துணைக்கால் மட்டும் உதிர்ந்து 'கெ' நின்றது.

இளமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாஸ்மினின் பழைய ஈமெயிலைத் திறந்து, அவள் டைப் செய்திருந்த 'கொ'வைத் தனியே எடுத்து வைத்து, அதே கட்டையைத் தட்டினாள். கொம்பும் காலும் ஒன்றாக விழுந்தன. வெறும் 'க' நின்றது.

அவ்வளவுதான் விஷயம். டைப்ரைட்டிங் பழகிய இளமதியின் விசைப்பலகையில் கொம்பு தனி, எழுத்து தனி, கால் தனி. கம்ப்யூட்டரும் கொம்பையும் காலையும் இரண்டாகவே வைத்துக்கொண்டது. யாஸ்மின் 'ko' என்று ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கினால் இரண்டும் ஒட்டிப் பிறந்து ஒரே குறியாக வந்தது. கண்ணுக்கு ஒரே 'கொ'; கம்ப்யூட்டருக்கு வேறு வேறு எண்கள். ஒரு எண் மாறினால் சாவி மொத்தமும் மாறிவிடும். மணிமுத்தாற்றில் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தே இல்லை, அதனால் திறந்தது. தான் பெருமைப்பட்ட ஹையர் பாஸ்தான் காலை வாரியது!

போனை எடுத்தாள். வைத்தாள். சொல்லாவிட்டால்? திங்கட்கிழமை யாஸ்மின் தோற்பாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, சோறு இறங்குகிற மாதிரி ஜெயிக்கலாம். பிராதைக் கட்டவில்லை, வாயைக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை. முதலாளி அறையில் போனின் ஸ்பீக்கரிலிருந்து யாஸ்மினின் குரல் வந்தது.

"சார், கோளாறு என் பக்கம்தாங்க. கொளஞ்சியப்பர் பேர நான் அடிக்கிற விதம் வேற. இளமதி அடிக்கிற மாதிரி நான் பிரிச்சு வச்சுட்டேன். இப்ப அவ அனுப்புனது எல்லாமே திறக்குது."

முதலாளி இளமதியைப் பார்த்துத் தலையசைத்தார். "அப்ப நீயே ரெண்டையும் பாத்துக்கம்மா."

ஜெயித்துவிட்டாள். ஆனால் எப்படி? கண்டுபிடித்ததும் யாஸ்மின்! பழியைச் சுமந்ததும் அவள்! இளமதி உயிரைக் கொடுத்துப் பிடித்திருந்த இடத்தை, அந்தச் சிரிப்புக்காரி மிட்டாய் நீட்டுவது போல நீட்டுகிறாளே! அந்தப் பெரிய மனசும் அவளுக்குத்தானா? இளமதி கத்தியேவிட்டாள்.

"பொய் சொல்றா சார்! யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம். தப்பு அவளோடது மட்டும் இல்ல. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்!"

"ஏய் லூசு, சும்மா இருடி," என்றது ஸ்பீக்கர்.

"நீ சும்மா இரு! எதுலயும் நீதான் ஒசத்தியா?"

முதலாளி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, தப்புக்குக்கூடவா போட்டி?" பிறகு அவர் முகம் இறுகியது. "தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்க. உன்கிட்ட என் சாவிய எப்படிம்மா குடுக்குறது? யாஸ்மினே பாத்துக்கட்டும்."

இளமதி தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒரு வேகம் வந்தது. யாஸ்மினின் தயவு யாருக்கு வேண்டும்? தன் புரோகிராமைத் திறந்து, பிரிந்து வரும் கொம்பையும் காலையும் ஒன்றாக ஒட்ட வைத்தாள். புதிதாகப் பூட்டி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அலறியது.

"என்னடி பண்ணித் தொலச்ச? மறுபடியும் கடைசித் துண்டுங்குது!"

"ஒட்ட வச்சேன்."

"அடிப்பாவி! நான் உனக்காகப் பிரிச்சு வச்சிருக்கேன், நீ போயி ஒட்ட வச்சா எப்படித் திறக்கும்? நீ பிரி."

"மாட்டேன். நீ ஒட்டு."

"நான்டி இப்ப பொறுப்பு."

அந்த வார்த்தை சுருக்கென்று குத்தியது. அந்தப் பக்கம் யாஸ்மின் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவது கேட்டது. இளமதிக்கும் அழுகையோடு சிரிப்பு வந்து தொலைத்தது. அதற்காகவும் அவள் மேல் கோபமாக வந்தது.

"சரி, ஒட்டியே இருக்கட்டும். அதுதான் சரியான முறை. நான் என்னுத மாத்திக்கிறேன்," என்றாள் யாஸ்மின்.

"சரிங்க மேடம்," என்று போனை வைத்தாள் இளமதி.