மூன்று கிராம் உப்பு

எங்கள் அடுப்படியில் கிராம் என்ற பேச்சே கிடையாது. கடையில் கிலோ கணக்கில் வாங்கினாலும் வீட்டுக்குள் வந்துவிட்டால் அரிசிக்கு ஆழாக்கு, எண்ணெய்க்குக் கரண்டி, உப்புக்குக் கை. என் கை தப்பாது என்று அப்போது எனக்கு ஏகப்பட்ட திமிர்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். சதுரங்கப்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்த என் கணவருக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனோம். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எல்லாம் கிராமில் இருந்தது. நாள் முழுவதற்கும் உப்பு மூன்று கிராம்.

“அது எவ்ளோ சார்? ஒரு கரண்டி வருமா?” என்று கேட்டேன்.

“நிறுத்துப் போடும்மா. கூடினா உயிருக்கே ஆபத்து” என்றார்.

சொல்வது சுலபம். மளிகைக்கடைத் தராசில் மூன்று கிராமை வைத்தால் தட்டு அசையக்கூடச் செய்யாது. கடைசியில் பக்கத்துத் தெருவில் நகை செய்யும் பத்தரிடம் போய் நின்றேன். “உப்பு பட்டா தட்டு அரிச்சிடும்மா” என்று முறைத்தவர், பிறகு மனது இரங்கி இரண்டு தட்டிலும் காகிதம் போட்டு நிறுத்துக் கொடுத்தார். அந்தக் கல் உப்பை டானிக் பாட்டில் மூடியில் கொட்டினேன். விளிம்போடு விளிம்பாக நின்றது. யா அல்லா, தப்பித்தோம் என்று இருந்தது. தினமும் ஒரு மூடி, அவ்வளவுதான்.

அவருக்கென்று தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைத்து, தட்டில் போட்டபிறகு மூடியிலிருந்து எடுத்துத் தூவுவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். மீன் ஆணத்தைச் சோற்றில் பிசைந்தபடி, “இன்னாம்மே இது, ஒரு வாய் கரிக்குது, ஒரு வாய் சப்புனு கீது. தூளாக்கி வெச்சாதான் இன்னா?” என்றார்.

நியாயம்தானே. கல் உப்பை வறுத்து, அம்மியில் மாவாக நுணுக்கி வைத்துக்கொண்டேன். அதே மூடி. மேலே கத்தியால் வழித்துவிட்டு, ஒரு சிட்டிகை கூடாமல் அளந்தேன். அவரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

இரண்டு மாதத்தில் வீக்கம் திரும்பி வந்தது, இந்தத் தடவை தொடைவரை. “உப்பைக் குறைக்கலையா?” என்று டாக்டர் என்னைத்தான் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அளந்துதான் சார் போடறேன். வேணும்னா வூட்டுக்கு வந்து பாருங்க” என்று சண்டைக்கு நின்றேன். அவர் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்றுதான் மறுநாள் தூள் உப்பையும் மூடியையும் பத்தரிடம் எடுத்துப் போனேன்.

மூன்று கிராம் எடை பத்தவில்லை. பத்தர் இன்னொரு கிராம் வைத்தார். அதற்கு மேலும் அரை கிராம் வைத்த பிறகுதான் முள் நேராக நின்றது. “கல்லுக்கு நடுவுல சந்து இருக்கும். தூளு இறுகி உக்காரும் இல்ல” என்றார், சாதாரணமாக. பாவி நான், இரண்டு மாதமாக மூடியைத்தான் அளந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூட வரவில்லை.

“வுடு. அந்த ரெண்டு மாசம்தான் சோறு சோறா இருந்துச்சி” என்றார்.

டாக்டரிடமும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. இனி குறைத்தாலும் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஆனாலும் நான் விடவில்லை. மறுபடியும் கல் உப்பையே மூடியில் அளந்தேன். ஒரு மத்தியானம் தட்டைப் பார்த்தபடி, “இன்னும் கொஞ்சம் போடேன்” என்று கேட்டார். மாட்டேன் என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டார். மறுநாள் விடியும்போது அவர் இல்லை.