பார்க்க வேண்டாம் என்று மகள் சொன்ன நாடகம்

மகள் இங்கிலாந்துக்குத் திரும்புகிற அன்று காலையில், எங்கள் டிவியில் நாடகங்கள் பார்க்கிற தன்னுடைய கணக்கைப் போட்டுக் கொடுத்தாள். எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன வரும் என்று இரண்டு தடவை செய்து காட்டினாள். பிறகு ஒரு தொடர் நாடகத்தின் படத்தில் நிறுத்தி, "இந்த ஒண்ண மட்டும் பாக்காத மம்மி" என்றாள்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு பெண் டாக்டர் சுவரில் சாய்ந்து நிற்கிற படம் அது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கண்கள் மூடியிருந்தன.

"ஏன், இன்னா இருக்குது அதுல?"

"ஒண்ணுமில்ல. போர் அடிக்கும்."

அவள் போன மறுநாளே அதைத்தான் போட்டேன்.

நான் நர்ஸாக இருந்தவள். நந்திதுர்க்கில் தங்கச் சுரங்கத்துக்காரர்கள் கொடுத்த வீட்டில்தான் நானும் என் கணவரும் இன்னும் இருக்கிறோம். சுரங்கம் ஓடின காலத்தில் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். மூடின பிறகு பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன், முட்டி இடம்கொடுத்த வரைக்கும். கணவர் பூமிக்கடியில் பாறையைத் துளைக்கிற மெஷின் ஓட்டினவர். அந்தச் சத்தத்தில் ஒரு காது முழுக்கப் போய், மறு காதில் பாதிதான் மிச்சம். எங்களுக்கு ஒரே பெண். அவள் இங்கிலாந்தின் வடக்கில் ஒரு நகரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நாடகமும் அப்படி ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றியதுதான். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு, காபி குடித்துவிட்டு இருவரும் உட்காருவோம். அவர்கள் பேசுகிற ஆங்கிலம் எனக்கே பாதிதான் பிடிபடும்; கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன்.

"அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு கார்ல உக்காந்துக்கினு இருக்குது?"

"ட்யூட்டி முடிஞ்சிடுச்சி. வண்டி ஓட்டத் தெம்பில்ல. தூங்குறா."

"வீடு எவ்ளோ தூரம்?"

"அதெல்லாம் சொல்லலீங்க."

நான் சொல்வது சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது அந்த வீட்டம்மா, "இன்னா சிஸ்டர், நேத்து அந்த டாக்டர் பொண்ணுக்கு லீவு குடுத்தாங்களா இல்லியா?" என்று கேட்டார்.

கொடுக்கவில்லை. யாருக்குமே கொடுப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு இடுப்பில், வார்டுக்குக் கூப்பிடுகிற ஒரு சின்ன மெஷின் உண்டு. பிஸ்கட்டைப் பிரித்து வாயில் வைக்கும்போது அது கத்தும். பிஸ்கட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடுவாள். கட்டில் கிடைக்காமல் நடையிலேயே தள்ளுவண்டிகளில் வயதானவர்கள் வரிசையாகக் கிடப்பார்கள். நான் டாக்டர்களை அவ்வளவாகப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் போய்வருகிற நர்ஸ்களைத்தான் பார்த்தேன். முழு வார்டுக்கும் இரண்டே பேர். அதில் ஒருத்தி நடக்கிற நடையிலேயே அவளுக்கு இடுப்பு வலி என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியிலும் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் உண்டு. கீழே எங்கேயாவது பாறை வெடித்துச் சரிந்தால் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். உடனே ட்யூட்டி இல்லாத சிஸ்டர்கள்கூட முடியை அள்ளி முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்போம். எத்தனை பேர், பூமிக்கடியில் எந்த லெவல் என்று கேட்டபடியே கையைக் கழுவுவோம். ஒன்றரை நாள் நின்றபடியே வேலை செய்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் சேர்ந்துதான் களைத்தோம். யாராவது ஒருவர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் காபி வரும். டாக்டரும் அதே டம்ளரில்தான் குடிப்பார். நாடகத்தில் அந்தப் பெண்ணைச் சுற்றி அத்தனை கூட்டம் இருந்தும், அவள் தனியாகக் களைத்தாள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மகள் போன் செய்யும்போது கேள்விகளை மெல்ல நுழைக்க ஆரம்பித்தேன். உனக்கும் இடுப்பில் மெஷின் இருக்கிறதா? உங்கள் ஆஸ்பத்திரியிலும் நடையில் ஆட்களைப் படுக்க வைப்பார்களா? சாப்பிடுகிற அறை எந்த மாடி?

"மம்மி, நீ அதப் பாத்துக்கினு இருக்கியா?"

"எதை?"

"பொய் சொல்லாத."

"நான் பாக்கல. டாடிதான் பாக்கறாரு" என்றேன். பக்கத்தில் அவர் ஒன்றும் கேட்காமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரித்துவிட்டு வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள். நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். இங்க குளிர்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மூன்று வருஷமாக இந்த மூன்றும்தான். வீட்டில் அவள் அலமாரியைத் திறந்தால் பள்ளிக்கூட ஸ்வெட்டர், கல்லூரி நோட்டு, அறுந்த செருப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவளைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவை எல்லாம் பழையவை. இப்போது எந்தப் பக்கம் படுக்கிறாள், வேலைக்குப் போகும்போது வழியில் என்ன கடை இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் நாடகத்தில் அந்த டாக்டர் பெண் வீட்டுக்குப் போகிற காட்சி வந்தால் திரைக்குப் பக்கமாக நகர்ந்து உட்காருவேன். சாவியை எங்கே மாட்டுகிறாள், அடுப்பில் என்ன வைக்கிறாள் என்று பார்ப்பேன்.

ஏழாவது பாகத்தில் அந்தக் காட்சி வந்தது. துணி அடுக்கி வைக்கிற அறை. அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்த போர்வைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். போன் அடிக்கிறது. அவளுடைய அம்மா. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, பேசுகிறாள். நல்லாயிருக்கேன் அம்மா, சாப்பிட்டேன் அம்மா. குரல் கணீரென்று இருந்தது. அது என் மகளின் குரல். சொல்கிற வார்த்தை இல்லை, சொல்கிற வேகம். அதே வேகம்.

டிவியை அணைத்துவிட்டேன்.

"இன்னா ஆச்சி? கரண்ட் போச்சா?" என்றார்.

"இல்லீங்க. நான்தான் நிறுத்தினேன்."

அன்று அவளுக்குப் போன் செய்தேன்; எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. 'பிஸி மம்மி, அப்பறம் பேசறேன்' என்று செய்தி மட்டும் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள். நல்லா இருக்கேன் என்று ஆரம்பித்தாள். நான் நடுவில் நிறுத்தினேன்.

"பாப்பா, இப்ப நீ உக்காந்துக்கினு பேசறியா, நின்னுக்கினு பேசறியா?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"மாடிப்படியில உக்காந்துருக்கேன்" என்றாள்.

"எவ்ளோ நேரமா?"

"தெரியல."

பிறகு சொன்னாள். போன வாரம் நடையில் ஒரு பெரியவர் தள்ளுவண்டியில் கிடந்தார். கட்டிலுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தவர். இவள் கடந்து போகும்போது சட்டைக் கையைப் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். ஒரு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரம் உள்ளே ஒருவருக்கு மூச்சு நின்றுபோனது. அது முடிந்து இன்னொன்று. திரும்பி வந்தபோது அவர் இல்லை. இறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார், கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

"தண்ணிதான மம்மி கேட்டாரு" என்றாள்.

முப்பது வருஷம் வார்டில் நின்றவள் நான். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், "எனக்கும் ஒருத்தர் இருக்காரு" என்றேன்.

"யாரு?"

சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டு, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறவர். முதுகுக்கு இன்னொரு தலையணை கேட்டார். ஷிப்ட் மாறுகிற நேரம். அடுத்த சிஸ்டரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்ல மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் போனபோது கட்டில் காலியாக இருந்தது. அவள் அப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"வீட்டுக்கு வந்தா நீ இருப்ப. உன்னாண்ட இன்னா சொல்றது?"

"'ஒண்ணுமில்ல பாப்பா, சாப்டியா'ன்னு கேப்ப" என்றாள். "பெங்களூர்லருந்து ரயில் எறங்கி வருவ. மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். இன்னா மம்மின்னா ஒண்ணுமில்லம்ப. உன்னப் பாத்துதான் நானும் கத்துக்கினேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வருஷங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன. விடியும் முன்பே ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன். அவளுக்குத் தலை பின்னிவிட்டது, டிபன் கட்டியது, பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்த்தது எல்லாம் வேலையிழந்து வீட்டிலிருந்த அவள் அப்பா. எனக்குக் கிடைத்ததெல்லாம் இரவுச் சாப்பாட்டு நேரம்தான். அந்த நேரத்திலும் நான் ஒண்ணுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள், இப்போது நான் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற மாதிரி.

நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவர் போனைப் பிடுங்கினார். என்ன விஷயம் என்று அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில், "பாப்பா, முடியலன்னா வந்துடு. மைன்ஸே மூடிட்டாங்க, நாம பொழைக்கலியா?" என்றார்.

அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

உடனே வந்துவிடவில்லை. லீவு கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. பதினைந்து நாள் வந்தாள். முதல் நான்கு நாள் தூங்கினாள். பக்கத்து வீட்டம்மா கோழிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "அந்த டிராமாப் பொண்ணு மாதிரியே தூங்குது சிஸ்டர்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளாகவே டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "எது வரைக்கும் பாத்த?" என்றாள். ஏழாவதில் நிறுத்தினேன் என்றேன். மிச்சம் ஒரே பாகம். மூவரும் பார்த்தோம். அப்பாவுக்கு அவளே கத்திக் கத்திச் சொன்னாள். ரத்தம் எடுக்கிற காட்சியில், "அப்படிப் பிடிச்சா ரத்தமே வராது டாடி" என்றாள். ஓர் அறையில் மூன்று கட்டில் காலியாக இருந்ததைக் காட்டியபோது, "மூணு கட்டிலா? எங்க ஆஸ்பத்திரியில இருந்தா கேக் வெட்டுவோம்" என்றாள். கடைசியில் அந்த டாக்டர் பெண் ராஜினாமாக் கடிதத்தை எழுதிவிட்டு, கொடுக்காமல் வார்டுக்குள் திரும்பிப் போகிறாள். அவள் அப்பா, "குடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

"நீ குடுப்பியா?" என்று நான் கேட்டேன்.

"எழுதவே இல்ல மம்மி. எனக்கு அந்த வேலை புடிச்சிருக்குது. அதான் கஷ்டம்."

பிறகுதான் சொன்னாள்: கடற்கரை ஊர் ஒன்றில் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். வாரத்துக்கு நான்கு நாள் வேலை. கிடைத்துவிடும் போலிருக்கிறது. இங்கேயே இருந்துவிடு என்ற வார்த்தை எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இந்த ஊரில் இருக்கிற டாக்டர்கள் போதாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை இருந்திருப்பாளோ என்று இன்றைக்கும் சில நேரம் நினைக்கிறேன்.

போகிற அன்று கார் வந்தது. அப்பா பெட்டியை ஏற்றினார். அவள் என் கையைப் பிடித்து, நர்ஸ் பிடிப்பதுபோல மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "வேகமா அடிக்குது" என்றாள். "படியெறங்கினேன் இல்ல" என்றேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு படிதான் இருக்கிறது.

மாற்றல் கிடைத்தது. இப்போது லீவு நாளில் நிதானமாகப் பேசுகிறாள், யார் பிழைத்தார்கள், யார் திட்டினார்கள் என்று எல்லாம் சொல்கிறாள். சில நாள் கேட்கவே பாரமாக இருக்கும். ஆனாலும் கேட்கிறேன்.

போனில் மேப்பைத் திறந்து அந்த ஊர்த் தெருக்களின் படங்களைப் பார்க்க எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்து விரலால் நகர்த்திக்கொண்டே போவேன். மருந்துக் கடை, பூட்டிய ஒரு சர்ச், ரொட்டிக் கடை, அப்புறம் ஆஸ்பத்திரி கேட். கேட்டுக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டும் தோளில் பையுமாக ஒரு பெண் நடந்துபோகிறாள். முகத்தை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் படம் என் மகள் அங்கே போவதற்கு முன்பே எடுத்தது, அவளே சொல்லியிருக்கிறாள். அதனால் அது அவள் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்றும் கேட் வரைக்கும் போனேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க, பெருசு பண்ணிக் காட்டு" என்றார்.