நடீன் வீட்டு வாசலில் மூன்று தபால் பெட்டிகள்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு அப்பா என் பையை வண்டியில் ஏற்றினார். பக்கத்து வீட்டு நடீனின் டூலி நொண்டிக்கொண்டே வேலிவரை வந்து என் கையை நக்கிவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோல அங்கேயே படுத்துக்கொண்டது. பதினொரு வயது நாய். இடுப்பு இரண்டு பக்கமும் போய்விட்டது. எழுந்திருக்கவே மூன்று தடவை முயல வேண்டும்.

செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

"டூலிய சுட்டுட்டாங்கடி."

"யாரும்மா?"

"போலீஸ். நடீன் வீட்டு வாசல்லயே வச்சு. அவ இன்னும் வேலையில, தபால் போட்டுட்டுதான் இருக்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அன்றைக்கு நான் திரும்பிப் போகவில்லை. விமானம் ஏறிவிட்டேன். அதன்பின் நடந்தவற்றை அம்மா போனில் சொல்லக் கேட்டேன். மிச்சத்தை நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது நடீனே சொன்னாள்.

நடீன் ஸ்ட்ரூப் எங்கள் பக்கத்துக் கிராமச் சாலைகளில் இருபத்தேழு வருடமாகத் தபால் போடுகிறவள். அமெரிக்கக் கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம்; அவளோ சொந்தக் காரில் வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி மிதியை மிதித்து, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவாள். அப்படி உட்கார்ந்தால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் சாலையோரம் நட்டிருக்கும் தபால் பெட்டிகள் கைக்கு எட்டும். புருஷன் என்றோ ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும் டூலியும்தான். காரில் எப்போதும் நாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்று இருக்கும். எந்த வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டே கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"இருபத்தேழு வருஷத்துல என்னக் கடிச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நாய். இன்னொண்ணு வாத்து. வாத்து கடிச்ச தழும்புதான் இன்னும் போகல" என்பாள்.

அவள் வாசலில் மூன்று பெட்டிகள் ஒரே கட்டையில் வரிசையாக நின்றன. ஒன்று அவளுடையது, ஒன்று எங்களுடையது, மூன்றாவது சாலைக்கு அந்தப் பக்கம் சரிவில் இருக்கும் பர்ல் ஹாஸ்கின்ஸுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி நடச்சொன்னவள் அவள்தான். பர்லின் பெட்டி எதிர்ப்பக்கம் இருந்ததால், அதற்காகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஒரு தடவை வரவேண்டியிருந்தது. "எல்லாரும் பெட்டியத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல நடுங்கப்பா, என் முதுகாவது பிழைக்கட்டும்" என்றாள். பர்ல்தான் குழி தோண்டினான். அந்த உரிமையில் தன் பெட்டியை முதலாவதாக, அவள் வீட்டுக்குத் திரும்பும் பாதையை ஒட்டி வைத்துக்கொண்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பர்ல் வீட்டில் திருட்டு எச்சரிக்கை மணி அடித்தது. அவன் பூனை எதையோ தள்ளிவிட்டிருக்கிறது. மாவட்டக் காவலைப் பார்க்கும் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து டால்ட்டன் வீக்ஸ் என்ற காவலன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கையில் பர்ல் வீட்டு எண். முதல் பெட்டியில் அதே எண். அதை ஒட்டிய பாதையில் வண்டியைத் திருப்பினான். அது நடீன் வீட்டுக்குப் போகும் பாதை. நிழலில் படுத்திருந்த டூலி யார் வந்தது என்று பார்க்க எழுந்தது. மூன்று குண்டு.

அறிக்கையில் ஒரு வரி எழுதினான்: "நாய் தாக்கும் நோக்கத்துடன் வேகமாக ஓடி வந்தது." ஷெரிஃப் அதையே தொலைக்காட்சியில் படித்தார்.

ஊர் கொதித்தது. வீட்டுக்கு வீடு புல்வெளியில் 'டூலிக்கு நீதி' என்ற பலகை. சட்டை அச்சடித்தார்கள். இணையத்தில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். எங்கெங்கிருந்தோ ஆறுதல் கடிதங்கள், பொம்மைகள், எலும்பு வடிவ மிட்டாய்கள் நடீன் பெயருக்கு வந்தன. காலையில் தபால் நிலையத்தில் அவளே அவற்றை வகை பிரித்து, அவளே காரில் ஏற்றி, கடைசியில் தன் பெட்டியில் தானே போட்டாள். "என் ரூட்லயே ரொம்ப பாரமான வீடு இப்ப என் வீடுதான்" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வரியை எடுக்க வேண்டும். டூலி ஓடி வரவில்லை. ஓட அதனால் முடியாது. தாக்க வந்த நாய் என்று அதன் பெயர் ஏட்டில் கிடக்கக்கூடாது.

ஜனவரியில் மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் கூட்டம். காவலர்களுக்கு நாய்களைக் கையாளப் பயிற்சி தரவேண்டும் என்று தீர்மானம் வந்தது. இடம் போதாமல் ஜனம் சுவரோரம் நின்றது. ஊர்க்காரர்கள் பிடித்துக் கொடுத்த வக்கீல் வாசலிலேயே நடீனை நிறுத்தினார்.

"மேடம், தபால் பெட்டிப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. அத விட்டா அவங்களுக்கு வேற சாக்கே கிடையாது."

"நடந்ததுதானே?"

"நடந்ததுதான். அதுக்குத்தான் சொல்றேன்."

அவள் எழுந்து மைக்கைப் பிடித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"பெட்டிய அங்க நடச்சொன்னது நான். அந்தப் பையன் வீடு மாறி வந்ததுக்குக் காரணம் நான்தான். அத நான் சுமந்துக்கிறேன். ஆனா டூலி ஓடி வரல. அவனால ஓட முடியாது. அந்த வரிய எடுங்க. அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ ஒருவன் கத்தினான்: "ஏம்மா, நீ யார் பக்கம்?"

பர்ல் எழுந்தான். "அவ நாய் பக்கம்டா, உட்காரு!"

சிலர் சிரித்தார்கள். ஆனால் கூட்டத்தின் சூடு இறங்கிவிட்டது. மறுநாள் செய்தியில் டூலி பின்னுக்குப் போய், பெட்டி முன்னுக்கு வந்தது. 'உரிமையாளரே ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார்கள். வக்கீல் போன் எடுப்பதை நிறுத்தினார். இணையத்தில் ஒருத்தி, நாயைக் கொன்றதே நடீன்தான் என்று எழுதினாள். மூன்று வாரத்தில் வேறொரு மாநிலத்தில் வேறொரு நாயைச் சுட்டார்கள். நாற்பதாயிரம் பேரும் அங்கே போய்விட்டார்கள். பயிற்சித் தீர்மானம் நிறைவேறியது. இரண்டு மணி நேர வீடியோ. வெயிலில் பலகைகள் வெளுத்தன.

நடீன் மட்டும் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய் அறிக்கையைத் திருத்தக் கேட்கும் அதே படிவத்தை நிரப்பினாள். அங்கே படிவம் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிரெண்டா இவளைவிடக் களைத்துப்போனாள்.

"நடீன், எழுதின அறிக்கைய யாராலயும் மாத்த முடியாது. எழுதினவனே வேணும்னா கூட ஒரு தாள் சேக்கலாம். அவன் சேக்கணும்."

எழுதினவன் வேலையை விட்டுவிட்டு, ஜல்லி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நடீன் தபால் போடும் சாலை ஒன்றில்தான் வாடகைக்கு இருந்தான். மின் கட்டணச் சீட்டு, மருந்து, அவன் குழந்தைக்கு அவன் அம்மா அனுப்பும் பார்சல் எல்லாவற்றையும் அவள்தான் கொண்டுபோய்ப் போட்டாள். ஒரு நாள்கூடத் தாமதம் செய்யவில்லை. பெட்டியருகே அவன் நின்றால், கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மிஸ் நடீன்?" என்றேன். போன வசந்தத்தில் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். கணுக்கால் வீங்கி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்தாள்.

"வேலை நேரத்துல கேக்கக்கூடாது. அரசாங்க வேலையா வந்து ஒருத்தன் வாசல்ல போய் நின்னா, அவன் மாதிரிதானே நானும்?"

"வேற வழியே இல்லையா?"

"ஒரு கடிதம் எழுதினேன். தபால்தலை ஒட்டி, மத்தவங்க மாதிரியே பெட்டியில போட்டேன். மறுநாள் நானே வகை பிரிச்சு, நானே அவன் வீட்ல போட்டேன். ஒரே வரி. 'டூலி ஓடி வந்தானா?' அவ்வளவுதான்."

"பதில்?"

"மூணு வருஷமாச்சு." காலை மாற்றி வைத்தாள். "அடுத்த வருஷம் ஓய்வு. அதுக்கப்புறம் அவன் தபால வேற யாரோ போடுவாங்க. எனக்கு முடியலடி. ஆனா படிவம் மட்டும் இன்னும் போட்டுட்டுதான் இருக்கேன்."

அவள் கடையில் வாங்கிய பூசணிக்காய் இனிப்பு அப்பத்தை வெட்டிக் கொடுத்தாள். அது கொஞ்சம் பழசு. தின்றோம்.

நவம்பரில் நான் சிக்காகோவில் ஒரு வேலைக்காகக் காத்திருந்தபோது அவளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. கூடவே ஒரு படம். ஷெரிஃப் அலுவலக முத்திரையோடு, அறிக்கையின் பின்னால் சேர்த்த தாள். கையெழுத்து கோணலாக இருந்தது.

"நாய் நடந்து வந்தது. குரைக்கவில்லை. நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே துப்பாக்கியை எடுத்திருந்தேன். முதலில் எழுதியது சரியில்லை. டால்ட்டன் வீக்ஸ்."

படத்துக்குக் கீழே நடீன் எழுதியிருந்தாள்: "இன்னிக்குக் காலையில பிரெண்டா குடுத்தா. ரெண்டு தடவை படிச்சேன். மத்தியானம் அவன் வீட்டுக்கு ஒரு பார்சல் இருந்தது. போட்டுட்டு வந்துட்டேன்."