மடிப்பக்கா இடம் பிடித்த சனிக்கிழமை

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் மடிப்பக்கா என்று பெயர். அங்கே அடித்தளத்தில் இருக்கும் துணி அறையில் பதினெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அவள் அடுக்கிய விரிப்புகளின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். மேல்மாடி டாக்டர்களுக்கு அந்த அடுக்கு தெரியும், அவள் முகம் தெரியாது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளே வேறு. முகம் கழுவி, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து கேம் பெட்டியைப் போடுவாள். கால்பந்து. நிஜப் பந்தை அவள் ஒருநாளும் உதைத்ததில்லை. இதில் அவள் கட்டைவிரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். நானும் என் வீட்டுக்காரரும், அவளும் அவள் வீட்டுக்காரரும் மகளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். பெட்டி எல்லாருக்கும் பொது. அவள் வீட்டுக்காரருக்குக் கார் ரேஸ், மகளுக்கு ஊர் கட்டும் கேம், எனக்குக் காலையில் சாமி பாட்டு.

போன வருஷம் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குள் இந்தக் கால்பந்தில் போட்டி வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம், மற்றவர்கள் போனில் பார்க்கலாம். பதினாறு பேர் சேர்ந்தார்கள், துணி அறையிலிருந்து இவள் ஒருத்திதான். எக்ஸ்ரேக்காரர், மருந்துக் கிடங்குக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று வரிசையாகச் சாய்த்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரே கம்ப்யூட்டர் பிரிவுத் தம்பி. அவன் கேன்டீனில் பத்துப் பேர் முன்னால், "அக்கா, இது போர்வை இல்ல, நாலா மடிச்சு வைக்கிறதுக்கு" என்றானாம்.

"உன்னை எட்டா மடிக்கிறேன், வா" என்றாளாம் இவள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். அதற்குள் உள்ளே வராதவர் தோற்றவர். பதினோரு மணிக்குப் பெட்டியைப் போட்டால், கேமுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, அது இல்லாமல் ஆட முடியாது என்று எழுதி வந்தது. இருபது ஜி.பி. இடம் வேண்டுமாம். பெட்டியில் இருந்தது இரண்டு. எங்கள் வீட்டு நெட்டில் அவ்வளவும் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக, பன்னிரண்டரைக்குள் இடம் கிடைத்தால் உண்டு.

அவள் வீட்டுக்காரர் தன் கார் ரேஸை எடுத்துவிடச் சொன்னார். அது பதினொன்றுதான், போதாது. பெரியது மகளுடைய ஊர்தான், நாற்பது. இரண்டு வருஷமாகத் தெருத் தெருவாகக் கட்டிய ஊர். கேமை எடுத்தாலும் கட்டினது தனியாகப் பத்திரமாக இருக்கும் என்றார் அவர். நிச்சயமாகத் தெரியுமா என்று நாத்தனார் கேட்டாள். தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துக்கோம்மா" என்றாள்.

"உன் ஊரை இடிச்சுட்டுப் போய் நான் கோல் போடணுமா? சும்மா இரு."

நான் உள்ளே போய் ஆண்டவன் முன்னால் நின்றேன். கேமுக்கெல்லாம் வேண்டலாமா என்று ஒரு தயக்கம். இருந்தாலும் வேண்டினேன். பதினெட்டு வருஷம் பிறர் படுக்கையைச் சுத்தமாக வைத்தவள், ஒரு தடவை ஜெயித்துப் பார்க்கட்டுமே என்றேன்.

திரும்பி வந்தால் அவள் துணி அறை வேலையை ஆரம்பித்திருந்தாள். அங்கே அலமாரி நிறைந்துவிட்டால் பெரிய மூட்டையைத் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொன்றையும் தொட்டு, இது எந்த வார்டு என்று கேட்பார்கள். எந்த வார்டும் கேட்காததுதான் முதலில் வெளியே போகும். அதேபோல் திரையில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாங்களும் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல் பதில் சொன்னோம். கேம் எல்லாம் முடிந்து அடியில் ஒரு வரி: வீடியோக்கள், முப்பத்தொரு ஜி.பி. அதற்கு மட்டும் யாரும் பேர் கொடுக்கவில்லை.

திறந்து பார்த்தாள். அறுபத்திரண்டு வீடியோ, ஒவ்வொன்றும் கால் மணி நேரம். முதலாவதில் நீல வானம், ஒரு மேகம், சாமி பாட்டு. இரண்டாவதிலும் அதே மேகம். மூன்றாவதிலும்.

அது என் காலைப் பாட்டு. அது ஓடும்போது திரையில் அந்த மேகம்தான் நிற்கும். பாட்டு ஓடும்போதுதான் நான் கன்ட்ரோலரைத் துடைப்பேன். நடுவில் இருக்கிற சின்னப் பொத்தானில் அழுக்கு சேரும் என்று அதை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைப்பேன். அதை அழுத்தினால் அதுவரை ஓடின கால் மணி நேரத்தைப் பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். மகள் சொல்லித்தான் தெரியும்.

"அண்ணி, நம்ம பெட்டியில புண்ணியம் நிறைஞ்சு வழியுது" என்றாள் நாத்தனார்.

மணி பன்னிரண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழித்துவிடச் சொன்னார் அவள் வீட்டுக்காரர். அவள் கேட்கவில்லை. "பிரிச்சுப் பாக்காம நான் எதையும் கழிக்க மாட்டேன்." விரிப்புச் சுருட்டலுக்குள் பல்செட்டு, மூக்குக்கண்ணாடி, காது மெஷின் என்று எத்தனையோ எடுத்துக் கொடுத்த கை அது. ஒவ்வொன்றிலும் தொடக்கம் கொஞ்சம், கடைசி கொஞ்சம் பார்த்தாள். மேகம், மேகம், மேகம். நாற்பத்தோராவதில் மகளுடைய ஊர். ஆற்றுக்குக் குறுக்கே முதல் பாலம் கட்டி முடித்த அன்று அவளே எடுத்து வைத்து, மறந்துபோனது. மகள் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதுபோல் இன்னும் இரண்டு கிடைத்தன. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஐம்பத்தொன்பது மேகத்தை அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு இடம் முப்பதைத் தாண்டியது. அப்டேட் இறங்க ஆரம்பித்தது.

மூன்று ஐம்பத்தாறுக்கு இறங்கி முடிந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அவள் உள்ளே இருந்தாள்.

தம்பி நன்றாகத்தான் ஆடினான், பொய் சொல்லக்கூடாது. முதல் கோல் அவனுடையது. இடைவேளைக்குப் பிறகு இவள் ஒன்று திருப்பினாள். கடைசி நிமிஷத்தில் ஓரமாகவே பந்தைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து, கோலியின் கால் பக்கமாக உருட்டிவிட்டாள். இரண்டு ஒன்று. நான் வாய்விட்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். அவள் வீட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றார். அவளோ கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. துணி அறையில் அன்று வேலையில் இருந்த ஏழு பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். ஆட்டம் முடிகிறவரை மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே போனைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அன்று மாலை வார்டுகளுக்கு விரிப்பு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போனதாம். ஏன் என்று எந்த வார்டும் கேட்கவில்லை. வார்டில் இருந்தவர்களும் போனில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.