வீரமுத்துவின் குழிக்குள் இருந்தது

போன மாதக் கடைசியில் கூலிம் டவுனிலிருந்து கரங்கான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய் வந்தேன். அந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஜப்பான்காரன் தோற்றுவிட்டான், வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் ஆளாளுக்குத் துப்பாக்கி தேடுகிறார்கள். எனவே கடைத்தெருப் பெரியவர்கள் கூடி அமைதிக் கமிட்டி என்று ஒன்று வைத்தார்கள். தோட்டந்தோட்டமாகப் போய், ஆண்களைக் கூட்டி, ஆயுதம் இருந்தால் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். இருபது வருடம் தோட்டத்துக் கிராணியாகக் கணக்கெழுதி, ஆட்களைக் கத்தியே தொண்டையை வளர்த்துக்கொண்டவன் என்பதால் என்னைப் பிடித்தார்கள். வேறு யாரும் முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள்.

தூரம் ஏறக்குறைய பதின்மூன்று மைல். காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். சைக்கிள் சக்கரத்தில் டயருக்குப் பதில் தேங்காய்நார்க் கயிறு சுற்றியிருந்தது. இரண்டு பக்கமும் மைல் கணக்கில் ரப்பர் மரம், நடுவில் டயர் இல்லாத சைக்கிள். கமிட்டியின் கௌரவத்துக்காகக் கோட்டு போட்டிருந்தேன். சண்டைக்கு முன் பினாங்கில் தைத்தது. அப்போது பொத்தான் மாட்டாது. மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்கு தின்ற பிறகு இப்போது உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமிருக்கிறது.

எட்டாவது மைலில் கயிறு அறுந்தது. பின்னால் மாட்டு வண்டியில் வந்த சவரிமுத்து ஏற்றிக்கொண்டார். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை நீட்டினேன். “இத மாடு கூடத் திங்காது. சுருட்டு இருக்கா அண்ணே?” என்றார். கூலி இரண்டு சுருட்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் பழைய நாளில் கிராணியாக இருந்த தோட்டத்துக்குப் போகிறேன் என்றதும் மாட்டை நிறுத்திவிட்டார்.

“நான் தோட்டத்துப் பாலத்தோட நின்னுக்கிறேன். உள்ள வரமாட்டேன்லா.”

“ஏன், ஜப்பான்காரனோட சண்டை போட்ட காட்டுக்காரங்க இருக்காங்களா?”

“காட்டுக்காரங்களே உள்ள போறதில்ல. ஆம்பளைங்க எல்லாரையும் ஜப்பான்காரன் சயாம்ல ரயிலு போடப் புடிச்சுட்டுப் போயிட்டான். பொம்பளைங்களே குழி வெட்டி, பொம்பளைங்களே மண்ணு தள்ளுறாங்க. போன வாரம் ஒரு குழி. பொணத்த மட்டும் யாரும் பாக்கல.” சிலுவை போட்டுக்கொண்டார்.

பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போகாத சாதி சனம் நாம். பாலத்தில் இறங்கி, சைக்கிளை வண்டியிலேயே விட்டுவிட்டு, பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

நடுப்பகல்தான். ஆனால் பால் வெட்டாத ரப்பர் மரங்கள் தலைக்கு மேலே கூடிக்கொண்டதில், வெளிச்சம் குளத்தடி நீர்போலப் பச்சையாக இருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. வாசலுக்கு ஒரு பெண், கோணிச் சாக்கை உடுத்தி, உட்கார்ந்திருந்தாள். அத்தனை கண்களும் என் முகத்தை விட்டுவிட்டுக் கைப்பட்டையையே பார்த்தன.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “ஆம்பளைங்க யாரும் இல்லையா?” என்றேன்.

“வந்திருக்கீங்களே, ஒண்ணு. அது போதும்” என்றாள் ராக்கம்மா. என் காலத்திலேயே பால் வெட்டின கை அவள் கை. வாயும் அதே கத்திதான். ஆயுதம் ஏதாவது உண்டா என்றேன். “இருக்கு கிராணி ஐயா. அகப்பை, தொடப்பம். எதக் குடுக்கட்டும்?”

வந்த வேலை முடிந்தது என்று சந்தோஷமாகவே திரும்பினேன். குறுக்கு வழி சுடுகாட்டு ஓரமாகப் போகும். அங்கே ஒரு புது மண்மேடு. தலைமாட்டில் ஒரு வேட்டி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் அஞ்சலை, நெற்றி வெறுமையாக, வளையல் இல்லாமல். அவள் புருஷன் வீரமுத்துவை எனக்குத் தெரியும். நெட்டையன், நல்ல சீட்டி அடிப்பான்.

“வீரமுத்து எப்போ போனான் அம்மா?”

“போகல ஐயா. சயாம்ல இருக்காரு.” மேட்டைத் தடவினாள். “இவரு வேற.”

மேட்டிலிருந்து இரண்டடி பின்வாங்கினேன்.

“துப்பாக்கி” என்றாள். “அஞ்சு. எடுத்துட்டுப் போயிடுங்க. இந்த மேட்ட நான் தெனம் கும்புட்டுக் கும்புட்டு, அங்க அவரு நெசமாவே செத்துக்கிட்டு இருக்காரு.”

பின்னாலேயே ராக்கம்மா ஓடிவந்து அவளைத் திட்டினாள். பிறகு அவளே சொன்னாள். ரப்பர் காய்கிற புகைவீட்டில் காவலிருந்த ஜப்பான் சிப்பாய்கள் ஒரே ராத்திரியில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். முதலில் பார்த்தது அஞ்சலை. எவன் கையில் கிடைத்தாலும் முதல் குண்டு லயத்துக்குத்தான் என்று இவர்களுக்குத் தெரியும். ஆண்பிள்ளை தோண்டப் பயப்படும் இடம் சுடுகாடு ஒன்றுதான். குழிக்கு ஒரு பெயர் வேண்டும். எந்தப் பெண்ணும் தன் புருஷன் பெயரைத் தரவில்லை. கண்டெடுத்தவள் தந்தாள். ஊர் நம்ப வேண்டுமே என்று அவள் நெற்றிப் பொட்டையும் அழித்தார்கள்.

“எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா? கேட்டேனே” என்றேன்.

“நீங்க எங்க எங்களக் கேட்டீங்க? ஆம்பளைங்க இருக்காங்களான்னுல்ல கேட்டீங்க. சரி, குடுத்தா யாருகிட்ட கொண்டுபோயிக் குடுப்பீங்க?”

யோசித்தேன். கமிட்டித் தலைவருக்கும் அவர் பங்காளிக்கும் கடைச் சுவர் விஷயமாகப் பத்து வருடப் பகை. செயலாளருக்கு மாமனாரோடு பேச்சில்லை. பொருளாளர் குடித்தால் வானத்தையே சுடுவார். “யாருகிட்டயும் வேணாம்” என்று என் வாயே சொன்னது.

லயத்துப் பெண்கள் சங்குல் மண்வெட்டி கொண்டுவந்து மேட்டை வெட்டினார்கள். மண்வெட்டியில் எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். நாலு வெட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். ஐந்தையும் சாக்கில் சுற்றி, விறகுக் கட்டுபோலத் தலையில் ஏற்றி, வரிசையாகப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்கு நடந்தார்கள். ஒவ்வொன்றாகப் போட்டபோது ‘குளுக்’ என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் எதையும் வாங்காதது போல இருந்தது.

திரும்பி வந்தால் குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வெட்டின குழியை வெறுமனே மூடினால் அது ஒரு ஆளைக் கேட்கும் என்றாள் ராக்கம்மா. ஆம்பளை போட்டிருந்தது ஏதாவது வேண்டுமாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் அத்தனை முகங்கள் பார்த்தால் நீங்களும் கோட்டைக் கழற்றுவீர்கள்.

“அட, கோட்ட உள்ள போடுவாங்களா? துணி கெடைக்காத காலத்துல. அத அஞ்சலைகிட்ட குடுங்க, வீரமுத்து வந்தா போட்டுக்கட்டும். அந்தப் பட்டைய அவுருங்க” என்றாள் ராக்கம்மா.

கமிட்டியின் அதிகாரம் முழுவதும் குழிக்குள் போயிற்று. மண் தள்ளி மேட்டைச் சமமாக மிதித்தார்கள். தான் இந்தக் குழியில் இல்லை என்று வீரமுத்துவுக்குத் தெரிய வேண்டும், பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடு என்றாள் ராக்கம்மா. அதுவரை புருஷன் பெயரையே சொல்லியிராத அஞ்சலை கூப்பிட்டாள். முதல் இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை மரங்களுக்கு உள்ளேயிருந்து மெல்ல ஒரு சீட்டிச் சத்தம் வந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அஞ்சலை மட்டும் கோட்டை மார்போடு இறுக்கிக்கொண்டு, “கெழங்கு ரெண்டு பேருக்கு அவிக்கணும்” என்று லயத்தைப் பார்த்து நடந்தாள்.

பாலத்தில் அந்தச் சீட்டியைப் பற்றிச் சொன்னதும் சவரிமுத்து, “ஏதாச்சும் குருவியா இருக்கும் அண்ணே” என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு குருவியை அந்தத் தோட்டத்தில் நான் கேட்டதில்லை.

கூலிமில் தலைவர் கேட்டார், “அங்க ஆம்பளைங்க என்ன சொன்னாங்க?” “ஆம்பளைங்களே இல்லைங்க” என்றேன். “அப்ப ஆயுதமும் இருக்காது” என்று பட்டியலில் அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். இதை அவர் படிப்பார் என்ற பயம் எனக்கில்லை. தன் பெயர் வராத எதையும் அவர் படித்ததில்லை. குட்டைக்கோ அடி கிடையாது.

போகிறவர்களுக்கு: கயிறு மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். கூலிக்குச் சுருட்டுதான் செல்லும். லயத்தில் எதைக் கேட்பதானாலும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடமே கேளுங்கள். திரும்பும் வழியில் நெட்டையான ஒரு ஆள், தன் உடம்புக்குப் பெரிய பினாங்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கோட்டைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.